பாட்டிலுக்குள் வெள்ளைப் படிவு: சுற்றுச்சூழல் பொறியாளரிடம் சில கேள்விகள்

குழித்துறை, சிவில் முடித்த மாணவர்: சார், இந்த வேலையில் நாள் முழுவதும் என்னதான் செய்வீர்கள்?

மரம் நடுவது என்று என் சித்தப்பா இன்றும் நம்புகிறார். பாதி நாள் கழிவுநீர், மீதி நாள் அந்தக் கழிவுநீரைப் பற்றிய காகிதம். சிவில் படிப்பு போதும். வேதியியலை மறந்திருந்தால் புத்தகத்தைத் தூசி தட்டுங்கள்.

கொல்லங்கோடு வாசகி: கதம்பை (தேங்காய் மட்டை) ஊறவைக்கும் குளம் நாறுகிறது. அங்கே எதை அளப்பீர்கள்?

முதலில் ஆக்சிஜனை. 300 மி.லி. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு குமிழிகூடச் சிக்காமல் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரக் கரைசலும் விட்டு மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குவோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். நாறும் குளத்தில் வெள்ளையாகத்தான் படியும்; கரையில் நின்றே விடை தெரிந்துவிடும். கதம்பையின் நாரை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு ஆக்சிஜன் வேண்டாத கூட்டம் வருகிறது. அழுகிய முட்டை நாற்றம் அவை விடும் ஹைட்ரஜன் சல்பைடு. குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள். மூக்கு மரத்துப்போனால் நாற்றம் மறையும், வாயு மறையாது.

குலசேகரம் விவசாயி: ரப்பர் ஷீட் அடிக்கும் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டு ஓடையில் விடுகிறோம். போதாதா தம்பி?

போதாது அண்ணாச்சி. ரப்பர் பால் உறைய நீங்கள் ஊற்றிய ஃபார்மிக் ஆசிட்டைத்தான் சுண்ணாம்பு முறிக்கும். பாலிலிருந்து வந்த புரதமும் சர்க்கரையும் அப்படியே இருக்கும். அவற்றைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதுதான் பி.ஓ.டி. ஓடை, ஆறுகளில் விடும் கழிவுநீருக்குப் பொதுவான பி.ஓ.டி. வரம்பு லிட்டருக்கு 30 மி.கிராம். காற்றூட்டும் தொட்டியோ, சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய கலனோ வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று கட்டினால் செலவு தாங்கும்.

முட்டம் வாசகர்: கிணறு உப்பாகிவிட்டது. இன்னும் ஆழமாகத் தோண்டலாமா?

தோண்டவே வேண்டாம். கடலோரத்தில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பதடி வரை நன்னீர் என்பது பழைய கணக்கு. மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் அடியிலிருந்து உப்பு அத்தனை தூரம் ஏறப் பார்க்கும். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்து, கூரைத் தண்ணீரைக் கிணற்றடி மண்ணில் இறக்குங்கள்.

தேரூர் வாசகர்: 2022இல் எங்கள் குளம் ராம்சர் எனும் பன்னாட்டு முக்கிய ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இனி நெல் பயிரிட முடியாதா?

தாராளமாகப் பயிரிடலாம். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் இரண்டுமே பாசனக் குளங்கள்தாம். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் தடுப்பது, குளத்தை நிரவிக் கட்டடம் எழுப்புவதையும் சுத்திகரிக்காத கழிவை உள்ளே விடுவதையும். உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருநாள் நடந்து பாருங்கள்.