உள்ளே இருந்தால் திருந்திவிடுவானா?

கேள்வி: அக்கா மகனுக்கு 16 வயது. செல்போன் பறித்த வழக்கில் பிடித்து, கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். "ஜாமீன் எல்லாம் வேண்டாம், ரெண்டு மாசம் உள்ளே கிடந்தால்தான் புத்தி வரும்" என்கிறார் மாமா. அக்கா அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: மாமா சொல்வதைக் கேட்காதீர்கள். அந்தக் காலத்து சீர்திருத்தப் பள்ளி நினைப்பு பல அப்பாக்களுக்கு இன்னும் போகவில்லை. கூர்நோக்கு இல்லம் விசாரணை முடியும்வரை பையனை வைத்திருக்கிற இடம், அவ்வளவுதான். குற்றம் செய்தான் என்று முடிவான பிறகு அனுப்புகிற சிறப்பு இல்லம் வேறு.

நாலு அடி போட்டால் திருந்துவான் என்று அவர் நினைத்தால், செங்கல்பட்டைச் சொல்லுங்கள். பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன், 2022 டிசம்பர் கடைசியில், அங்குள்ள அரசு இல்லத்துக்குப் போன ஒன்றிரண்டு நாளிலேயே இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அப்புறம்தான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து இல்லங்களின் நிலையை ஆராயச் சொன்னது அரசு. இத்தனைக்கும் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஊழியர் கை ஓங்குவது குற்றம். தண்டனை? முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம். படிக்கும்போதே எரிச்சல் வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வயதுப் பையனுக்கு ஜாமீன் தருவதுதான் விதி; வெளியே விட்டால் ரவுடிக் கும்பலோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து என்பது போன்ற காரணம் இருந்தால்தான், இப்படிப்பட்ட சிறுவர் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமம் மறுக்கலாம், அதையும் எழுதி வைக்க வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டிக்கு, அதாவது பிணை நிற்க, ஆள் கிடைக்காமல் ஏழு நாள் போய்விட்டதா? நிபந்தனையை மாற்றச் சொல்லி குழுமத்தின் முன் பையனை மறுபடி நிறுத்த வேண்டும். இது தெரியாமலேயே பிள்ளையை உள்ளே விட்டுவைக்கிற வீடுகள் உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், சட்ட உதவி இலவசம்.

நன்னடத்தை அலுவலர் பையனின் குடும்பம், படிப்பு, சகவாசம் பற்றி விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அவரிடம் அக்கா எதையும் மறைக்க வேண்டாம், பள்ளிக்குப் போவதை எப்போது நிறுத்தினான், யாரோடு சுற்றினான், எல்லாவற்றையும் சொல்லட்டும். ஜாமீனுக்குப் பிறகு அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். மாமா கோபத்தில் இருக்கிறார் என்றால் கொஞ்ச நாள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.