வாடகையை நிறுத்தாதீர்கள், மீட்டரைத் தொடாதீர்கள்

கேள்வி: பாம்பனில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வாடகை 5,000 ரூபாய். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். நானும் மகளும்தான். ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன். ஆனால் கடைசி மூன்று கரண்ட் பில்லுக்கு 12,630 ரூபாய் கட்டியிருக்கிறேன். கீழ் வீட்டுக்காரர் மீன் வியாபாரி, இரண்டு ஃப்ரீசர் வைத்திருக்கிறார். அவருக்கு மூன்று பில்லும் சேர்த்து 2,160தான். எங்கள் மெயினை அணைத்தால் அவருடைய மீட்டர்தான் நிற்கிறது. கேட்டதற்கு வாய்க்கு வந்தபடி பேசினார். வீட்டு ஓனர் போனையே எடுப்பதில்லை. இரண்டு மாத வாடகையை நிறுத்திக் கழித்துக்கொள்ளலாமா? தெரிந்த எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் ஒயரை மாற்றித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அவர் பேசிய பேச்சும் ஓனர் போனை எடுக்காததும் மனதை நோகடிக்கும். ஆனால் வழக்குக்கு அவை உதவாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: மெயினை அணைத்தபோது எந்த மீட்டர் நின்றது என்பது.

அப்படியென்றால் இரண்டு மீட்டரும் சரியாகத்தான் ஓடுகின்றன, ஒயர்தான் மாறியிருக்கிறது. ஓடிய யூனிட்டுக்குத்தான் மின்வாரியம் பில் போட்டது. எனவே பணத்தைத் திருப்பித் தர வேண்டியது வாரியம் அல்ல, கீழ் வீட்டுக்காரர். இன்னொருவர் எரித்த கரண்டுக்கு நீங்கள் கட்டியிருந்தால், பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு. ஆனால் 12,630 கேட்காதீர்கள். உங்கள் பில்லை அவர் கட்டியிருக்கிறார், அதைக் கழித்தால் 10,470.

இனி உங்கள் இரண்டு யோசனைகளுக்கு வருகிறேன். இரண்டிலுமே மாட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாடகை 5,000, வர வேண்டியது 10,470. கணக்கு கிட்டத்தட்ட இரண்டு மாதத்தில் முடிவதால் கை துறுதுறுக்கும். ஆனால் வாடகை வாங்குபவர் ஓனர், உங்களுக்குப் பணம் தர வேண்டியவர் கீழ் வீட்டுக்காரர். ஒருவர் கடனை இன்னொருவரிடம் கழிக்க முடியாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், இரண்டு மாத வாடகை பாக்கி வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்று. இதுவரை நியாயம் உங்கள் பக்கம். வாடகையை நிறுத்திய மறுமாதம் நீங்கள் பாக்கிக்காரர், மீட்டர் கதையை யாரும் கேட்க மாட்டார்கள். 11 மாதத்துக்குப் பத்திரத்தில் எழுதிக்கொண்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எலக்ட்ரீஷியன் விஷயம் இதைவிட ஆபத்து. தொண்டிப் பக்கத்திலிருந்து வழக்குக்காக என்னிடம் வந்த ஒருவர் இதே காரணத்துக்காக மீட்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கடற்கரை உப்புக் காற்றில் சீல் கம்பி துருப்பிடித்து நூலாகியிருந்தது; கை பட்டதும் உதிர்ந்துவிட்டது. ஆய்வுக்கு வந்தவர்களுக்குத் தெரிந்தது சீல் இல்லாத மீட்டர் மட்டும்தான். அனுமதியில்லாமல் மீட்டர் இணைப்பைக் கழற்றுவதும் மாட்டுவதும் மின்சாரச் சட்டம் 2003-இன் 138-வது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருட்டு என்று 135-வது பிரிவுக்குப் போய்விட்டால் ‘நான் திருடவில்லை’ என்று காட்டுகிற வேலை பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். அந்த மனிதர் ஒரு யூனிட்கூடத் திருடவில்லை. அதைச் சொல்லிப் புரியவைக்கவே அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தவிர, ஒயரை மாற்றிவிட்டால் மாறியிருந்ததற்கான சாட்சியும் போய்விடும்.

ஃப்ரீசரை வைத்து கீழ் வீட்டுக்காரரை மிரட்டவும் வேண்டாம். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடந்தால் 126-வது பிரிவில் இரண்டு மடங்குக் கட்டணம் போடலாம், உண்மைதான். ஆனால் காகிதத்தில் அந்த ஃப்ரீசர் ஓடுவது உங்கள் இணைப்பு எண்ணில். நோட்டீஸ் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

சமாதானமாகப் போங்கள். 10,470 ரூபாய்க்குக் கோர்ட்டுக்கு அலைந்தால் பஸ் செலவும் வக்கீல் ஃபீஸும் தொகையைத் தின்றுவிடும். முதலில் ஒரு நாள் ஓனரையும் கீழ் வீட்டுக்காரரையும் மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். உங்கள் மெயினை அணையுங்கள். கீழ் வீட்டு மீட்டரில் மினுங்கும் சிவப்புப் புள்ளி நின்றுபோகும், உங்களுடையது மினுங்கிக்கொண்டே இருக்கும். மகளை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஓனர் கையெழுத்தோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுங்கள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நீங்களே கொடுக்கலாம், குடியிருப்பவரும் நுகர்வோர்தான்.

கீழ் வீட்டுக்காரர் மொத்தமாகத் தர முடியாது என்றால் ஐந்து தவணைக்குச் சம்மதியுங்கள், 8,000 என்று பேரம் பேசினாலும் நான் வாங்கிக்கொள்ளத்தான் சொல்வேன். மூவரும் கையெழுத்திட்ட காகிதம் முக்கியம். அதில் ஒயர் மாற்றும் நாளின் இரண்டு மீட்டர் ரீடிங்கும் இருக்கட்டும். அதற்குள் அடுத்த பில் வந்தால், தப்பான தொகையாக இருந்தாலும் கடைசித் தேதிக்கு முன் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்த 10,470-உடன் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.