குரோவேஷியாவில் யாட் வாடகைக்கு எடுக்க என்ன லைசென்ஸ் வேண்டும்?

திருப்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பனியன் ஏற்றுமதி பண்றோமுங்க. பையர்களைப் பார்க்க அடிக்கடி ஐரோப்பா போவேன். வர்ற மே மாசம் ரெண்டு குடும்பம், குழந்தைகளோட எட்டுப் பேர், குரோவேஷியாவுல ஸ்பிளிட்ல இருந்து ஒரு வாரம் பாய்மர யாட் எடுத்துச் சுத்தலாம்னு இருக்கோம். மச்சான் கொச்சியில ரெண்டு நாள் பாய்மரப் படகு வகுப்புக்குப் போய் சர்டிபிகேட் வாங்கி வெச்சிருக்கார். என்கிட்ட கார் லைசென்ஸும் இன்டர்நேஷனல் பர்மிட்டும் இருக்கு. இது போதுமா? ஏஜென்ட், ஏதாவது ஒரு லைசென்ஸ் காப்பி அனுப்புங்க, பார்த்துக்கலாம்கிறார்."

போதாதுங்க. கார் லைசென்ஸும் இன்டர்நேஷனல் பர்மிட்டும் சாலைக்கு மட்டும்தான். மச்சானின் சர்டிபிகேட் சின்னப் படகில் பாய் கட்டப் பழகியதற்கான சான்று. நாற்பதடி யாட்டை எட்டுப் பேரோடு கடலுக்குள் கொண்டுபோக அது செல்லாது. தயவுசெய்து "ஏதாவது ஒரு காப்பி" அனுப்பாதீர்கள். அந்தக் காப்பி ஒப்பந்தத்தோடு சேர்ந்துவிடும். நாளைக்குப் படகு பாறையில் மோதினால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது, படகை நடத்தியவரின் சான்றிதழ் செல்லுமா என்பதைத்தான். செல்லாது என்றால் முழு நஷ்டமும் உங்கள் தலையில் விழும். அந்த ஏஜென்ட் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

படகை வாடகைக்கு எடுக்க ரெண்டு வழி உண்டு. ஆள் இல்லாமல் படகை மட்டும் எடுத்து நாமே நடத்துவது ஒன்று. இதைப் பேர்போட் என்பார்கள். ஸ்கிப்பரோடு, அதாவது படகைப் பொறுப்பேற்று நடத்தும் ஆளோடு, எடுப்பது இன்னொன்று. லைசென்ஸ் கேட்கப்படுவது படகுக்குப் பொறுப்பேற்று நடத்துபவரிடம்தான், கூட வருகிற எல்லோரிடமும் அல்ல. ஸ்கிப்பர் வந்தால் உங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்கும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

பேர்போட் என்றால் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். குரோவேஷியாவில் கடல், போக்குவரத்துத் துறை அமைச்சகம் எந்தெந்த நாட்டுச் சான்றிதழ் செல்லும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருப்பதுதான் ஏற்கப்படும். கூடவே படகில் ஒருவரிடமாவது விஎச்எஃப் ரேடியோ பேசுவதற்கான சான்றிதழ் இருக்க வேண்டும். ஆபத்தென்றால் 16-ஆம் சேனலில் எப்படிக் கூப்பிடுவது என்று கற்றுத்தரும் சின்னப் படிப்புதான் அது. பலர் இதை மறந்துவிட்டு மரீனா (யாட்கள் நிற்கும் துறை) கவுன்டரில் போய் முழிக்கிறார்கள். கிரீஸில் ரேடியோவைவிட ரெண்டாவது ஆளைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்: ஸ்கிப்பருக்குச் சான்றிதழ் வேண்டும், துணைக்கு அனுபவமுள்ள இன்னொருவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். கரீபியனில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் லைசென்ஸ் கேட்பதில்லை. ஆனால் இதுவரை எந்தக் கடலில், எவ்வளவு நீளப் படகை நடத்தினீர்கள் என்று அனுபவப் பட்டியல் கேட்பார்கள். படித்துப் பார்த்துத் திருப்தி இல்லையென்றால் கூட ஒரு ஸ்கிப்பரை ஏற்றிவிடுவார்கள்.

ஐரோப்பாவில் பரவலாகச் செல்லுவது ஐசிசி என்ற சர்வதேசத் திறன் சான்றிதழ். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் கொண்டுவந்த 40-ஆம் தீர்மானத்தின் கீழ் வருவது. இந்தியா அந்த ஆணையத்தில் உறுப்பினர் இல்லை. ஆனால் உறுப்பினர் அல்லாத நாட்டுக் குடிமக்களுக்கும் இந்தச் சான்றிதழை வழங்கலாம் என்று அதே தீர்மானம் இடம் கொடுக்கிறது. பிரிட்டனின் ஆர்ஒய்ஏ (ராயல் யாட்டிங் அசோசியேஷன்) அமைப்பு நடத்தும் 'டே ஸ்கிப்பர்' செய்முறைப் படிப்பை முடித்தவர்கள் தனித் தேர்வு எழுதாமலே அதை வாங்கலாம்.

அந்த 'டே ஸ்கிப்பர்' படிப்பு ஐந்து நாள்தான். ஆனால் அதில் சேரும் முன்பே ஐந்து நாள் கடலில் இருந்திருக்க வேண்டும், 100 கடல் மைல் போயிருக்க வேண்டும், ராத்திரியில் நான்கு மணி நேரம் படகு நடத்தியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். கடலே இல்லாத கொங்குப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அதற்கு முன் 'காம்பிடென்ட் க்ரூ' என்ற ஐந்து நாள் ஆரம்பப் படிப்பிலிருந்து தொடங்குவதே நல்லது. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது; காற்றைப் புரிந்துகொள்ளப் பழக அருமையான இடம். ஆனால் சின்னப் படகில் பழகுவது அடித்தளம் மட்டும்தான். யாட் பயிற்சிக்கு நம்மவர்கள் பெரும்பாலும் தாய்லாந்தின் புக்கெட் பக்கம் போகிறார்கள். ஆக, மே மாதத்துக்குள் மச்சான் தயாராவது ரொம்பக் கஷ்டம்.

குறுக்கு வழி ஒன்று உங்கள் காதுக்கு வரும், நானே சொல்லிவிடுகிறேன். குரோவேஷியத் துறைமுக அலுவலகங்களே 'வோடிடெல் ப்ரோடிட்சே' என்ற படகோட்டிச் சான்றிதழுக்குத் தேர்வு நடத்துகின்றன, வெளிநாட்டவரும் எழுதலாம். அதன் பி பிரிவில் ரேடியோவும் அடக்கம். சட்டப்படி முழுக்கச் செல்லும். ஆனால் அது கேள்வி பதில் தேர்வு, படகைக் கையில் கொடுத்துப் பார்ப்பதில்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போக அதை மட்டும் நம்ப வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். அங்கே 'பூரா' என்றொரு காற்று உண்டு. வைகாசி, ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் பாய்ந்து வரும் காற்றைப் போல, மலை இடுக்குகளில் புகுந்து வேகமெடுத்துக் கடலில் இறங்கும். குளிர்காலத்தில்தான் அது உக்கிரம், மே மாதத்திலும் வராது என்பதில்லை. அப்புறம், நடுக்கடலைவிடக் கஷ்டம் சாயங்காலம் துறைமுகத்தில்தான். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் திரும்பும். ரெண்டு படகுக்கு நடுவே உங்கள் அகலத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதலாக இடம் இருக்கும். அதற்குள் பின்பக்கமாக, பக்கக்காற்றில், பிரேக் இல்லாத படகை ரிவர்ஸில் கொண்டுபோக வேண்டும். ஒருவர் பின்னால் கயிற்றை எறிய, இன்னொருவர் கரையில் கட்டியிருக்கும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓட வேண்டும். அந்தக் கயிறு இன்ஜின் விசிறியில் சுற்றினால் படகு அங்கேயே நின்றுவிடும், காற்று பக்கத்துப் படகின்மேல் கொண்டுபோய்ச் சாத்தும். இது தாளில் எழுதி வருகிற பழக்கம் அல்ல.

அதனால் என் யோசனை: இந்தத் தடவை ஸ்கிப்பரோடு போங்கள். ஒரு நாளைக்கு 200 யூரோவை ஒட்டி ஆகும், அவர் சாப்பாடு உங்கள் செலவு. படுக்க அவருக்கும் ஓர் இடம் வேண்டும். எனவே எட்டு அல்ல, ஒன்பது படுக்கைக் கணக்குப் போட்டுப் படகு கேளுங்கள். மச்சானை அவர் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் ஓடிய கடல் மைல்களை நோட்டில் எழுதி ஸ்கிப்பரிடம் கையெழுத்து வாங்கினால், அடுத்து 'டே ஸ்கிப்பர்' படிக்கும்போது அது அவருக்குக் கணக்கில் வரும்.

ஸ்கிப்பரின் லைசென்ஸையும் கேட்டுப் பாருங்கள். நாம் ஆலப்புழாவில் படகு வீடு ஏறும்போதுகூட இதைக் கேட்பதில்லை. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆளேற்றிய படகு அது. படகின் பதிவு, எத்தனை பேர் ஏறலாம், ஓட்டுபவரின் லைசென்ஸ், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இவற்றைக் கேட்க எங்கேயும் கூச்சப்பட வேண்டாம்.

நாமே ஓட்டினால்தான் சந்தோஷம் என்றால் கடலை விட்டுவிட்டு பிரான்ஸின் கனால் து மிதி பக்கம் போங்கள். 1681-இல் முடிந்த, 240 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய். அங்கே வாடகைப் படகுக்கு முன்கூட்டியே லைசென்ஸ் வேண்டாம். கம்பெனியே ஓட்டக் கற்றுக்கொடுத்து அந்தப் பயணத்துக்கு மட்டும் ஒரு தற்காலிக அட்டை தரும். வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் மதகுகளில் கயிறு பிடிக்கக் குழந்தைகள் போட்டி போடுவார்கள்.

குரோவேஷியாவே முடிவென்றால் விசாவையும் கவனியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து அது ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. துப்ரோவ்னிக்கைத் தாண்டித் தெற்கே போனால் வருவது மாண்டினீக்ரோ, அது ஷெங்கனில் இல்லை. கோட்டோர் விரிகுடா அழகாக இருக்கிறதென்று அங்கே போய்விட்டால், ஒருமுறை நுழைவு விசாவோடு திரும்பி உள்ளே வர முடியாது. தெற்கே போகும் எண்ணமிருந்தால் பலமுறை நுழைவு கேட்டு விண்ணப்பியுங்கள். மாண்டினீக்ரோவுக்கு நீங்கள் விசா வாங்க வேண்டுமா என்பதையும், அந்த எல்லையைத் தாண்டப் படகுக்கு அனுமதி உண்டா என்பதையும் அட்வான்ஸ் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.