அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. இளவட்ட வயதிலிருந்தே பீடி குடிக்கிறார். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அப்பாவுக்கு விடாத இருமல் என்று மூச்சுக்குழாயில் சதை எடுத்துப் பார்த்தார்கள். 'ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா, புற்று செல்கள் இல்லை' என்று ரிப்போர்ட். இது புற்றுநோயின் தொடக்கமா டாக்டர்? பீடியை விட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: இது புற்றுநோய் இல்லை, அம்மா. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து சதைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் தொழில். இதே வரியை எத்தனையோ பீடிக்காரர்களின் ரிப்போர்ட்டில் நானும் எழுதியிருக்கிறேன். வாங்கிப் போகிறவர்களுக்கு அதை யாரும் விளக்குவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

நல்ல மூச்சுக்குழாயின் உட்புறம் உயரமான செல்கள் நெருக்கமாக நிற்கும். அவற்றில் பலவற்றின் தலையில் ஆளுக்குச் சுமார் 200 நுண்ணிழைகள். அவை நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்கு ஏற்றிவிடும். தினமும் புகை பட்டால் இந்தச் செல்கள் தாங்காது. அடியிலுள்ள மூல செல்கள் அவற்றுக்குப் பதில், தோலில் இருப்பது போன்ற தட்டைச் செல்களை அடுக்கடுக்காக உண்டாக்கும். இந்த மாற்றத்தைத்தான் 'ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா' என்று எழுதுகிறோம். பனையேறிகளுக்கு உடம்பில் காய்ப்பு விழுமே, அப்படி உடம்பு போட்டுக்கொள்ளும் காப்புதான் இது. ஆனால் அந்த இடத்தில் நுண்ணிழை கிடையாது. சளியோ முன்னைவிட அதிகம் சுரக்கும். இருமித்தான் வெளியேற்ற வேண்டும். விடியக்காலை இருமல் அதனால்தான்.

பீடியை அடியோடு விட்டால் பழைய செல்கள் திரும்ப வரும். மாதக்கணக்கில் ஆகலாம். விட்ட புதிதில் இருமல் கூடினாலும் பயந்து மறுபடி பற்றவைக்க வேண்டாம். தொடர்ந்து குடித்தால் தட்டைச் செல்கள் ஒழுங்கு குலைந்து, அப்புறம் புற்றாகவும் மாறலாம். நுரையீரலின் காற்றுப்பைச் சுவர்கள் ஏற்கெனவே சிதைந்திருந்தால் அவை மட்டும் திரும்ப வளராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். எடுத்தது சின்னத் துணுக்கு. பக்கத்து இடத்தைப் பற்றி அது பேசாது. நெஞ்சு டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி காட்டுங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், அதையும் பார்த்துவிடுங்கள். சளியில் ரத்தம், எடை குறைதல், குரல் கம்மல் இருந்தால் உடனே போங்கள்.

அம்மாவைக் காற்றோட்டமான திண்ணையில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பீடி சுற்றச் சொல்லுங்கள். புகையிலைத் தூசி அவருக்கும் கெடுதல்தான். குழந்தைகள் பீடி சுற்றும் தட்டின் பக்கம் வரவே கூடாது.