பழைய பிக்கப், பழைய வேன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் பிக்கப் வைத்திருக்கிறேன். வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாரம் ஏற்றினால் பின்பக்கம் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதை வீட்டிலேயே நான் செய்துகொள்ளலாமா?

பதில்: பட்டையைத் தொடுவதற்கு முன் எடைமேடைக்குப் போய்விட்டு வாருங்கள். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றின் வித்தியாசத்துக்குள்தான் சரக்கும் ஆட்களும் அடங்க வேண்டும். ஒரு கிரேட் (தக்காளிப் பெட்டி) 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் அறுபது கிரேட்டுக்கே 1,500 கிலோ ஆகிவிடுகிறது. பல பிக்கப்களுக்கு அதுவே எல்லையைத் தாண்டிய பாரம். எடைமேடைச் சீட்டு அப்படிக் காட்டினால் குறை ஸ்பிரிங்கில் இல்லை.

பாரம் அளவாக இருந்தும் வண்டி தாழ்கிறது என்றால் பட்டைகள் தளர்ந்திருக்கின்றன. சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடியின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தாலோ, பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகியிருந்தாலோ, அதே எண்ணிக்கையில் புதிய செட்டை இரு பக்கமும் மாற்றிவிடுவதே நல்லது. பழையதையே நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். காய்ச்சினால் உருக்கின் பதம் போய்விடும், சில மாதங்களில் மீண்டும் தாழும், அல்லது முறியும். மாற்றும் வேலையை ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, சேசிஸுக்கு உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி முடுக்குங்கள்.

கூடுதல் பட்டையை நான் ஏன் மறுக்கிறேன் என்பதற்கு உங்கள் வழியிலேயே இருக்கும் தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கம் போதும். பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் மட்டுமே தாங்கும். ஆக்சில், டயர், பிரேக் எல்லாம் பழைய அளவிலேயே நிற்கும். அதைவிட மோசமான ஒன்று உண்டு. சில பிக்கப்களில் பின் ஆக்சிலுடன் ஒரு கம்பியால் இணைந்த வால்வு இருக்கிறது. பாரத்தால் பின்பக்கம் தாழ்ந்தால்தான் அது பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தை விடும். பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்தினால், நிறைபாரத்திலும் வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் குறையும், முன் பிரேக் தனியாகச் சுமந்து சூடேறும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருந்தால் அது கொதிக்கும் வெப்பநிலையும் தாழ்ந்துவிடும்: டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தபட்சம் 205 டிகிரி என்ற அளவுகோல், ஈரமேறிய நிலையில் 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. ஆகவே பட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். கணவாயில் கியரை நியூட்ரலில் விட்டு இறக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் இரவில் வேன் ஓட்டுகிறேன். பழைய ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. யானை நின்றாலும் அருகில் போன பிறகே தெரிகிறது. 100 வாட் பல்பு போடலாமா, எல்.இ.டி. போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 60/55 வாட் ஹாலஜன் பல்பே அந்தச் சாலைக்குப் போதும், அதற்கு மின்சாரம் முழுதாகப் போய்ச் சேர்ந்தால். எஞ்சினை ஓடவிட்டு விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டின் மின்னோட்டம் முழுவதும் ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்சு வழியாகவே போகும்; அதன் முனைகள் தேய்ந்து, வயரின் முனைகளும் பச்சை பூத்திருக்கும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். அந்தச் சுவிட்சின் வழியே 100 வாட் பல்பை எரித்தால் ஹோல்டர் உருகும். ஹாலஜனுக்காகச் செய்த கிண்ணத்தில் எல்.இ.டி. வைத்தால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

செய்ய வேண்டியது ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் 30 என்ற முனைக்கு பேட்டரியிலிருந்து, பேட்டரியின் அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 87-லிருந்து பல்புகளுக்கு, 85, 86 இரண்டில் ஒன்று பழைய ஹெட்லைட் வயருக்கு, மற்றது எர்த்துக்கு (வண்டியின் உலோக உடலுக்கு). இரண்டு 60 வாட் பல்பும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், ஆனால் இனி சுவிட்சு வழியாக ரிலேக்கு வேண்டிய சிறு மின்னோட்டம் மட்டுமே போகும். எர்த் முனையில் பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரிந்த பிறகு முடுக்க வேண்டும். மங்கலான விளக்குகளில் பலவற்றின் நோய் அந்த ஒரு போல்ட்டில்தான் இருக்கிறது.

கேள்வி: ஊத்தங்கரையில் இருக்கிறேன். ஆம்னி வேனின் பின் இருக்கைகளை எடுத்துவிட்டு, மாம்பழப் பெட்டி ஏற்றப் பலகைத் தளம் அமைக்க விரும்புகிறேன்.

பதில்: பலகையை நீங்கள் அழகாகச் செய்துவிடுவீர்கள், தடை சட்டத்தில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. இருக்கை எண்ணிக்கை அவ்விவரங்களில் ஒன்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மேலும், சொந்த உபயோக வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றினால் விபத்தின்போது காப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அனுமதி கிடைத்த பிறகு தச்சரைக் கூப்பிடலாம்.