வந்த பந்தையெல்லாம் அடிக்கப் பாயும் பையனுக்கு என்ன சொல்லலாம்?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். என் மகனுக்கு 15 வயது, பள்ளி பேஸ்பால் அணியில் ஆடுகிறான். போன சீசனில் பாதிக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட். பேட்டிங்கில் பொறுமையே இல்லை என்கிறார் கோச். பொறுமையாக நின்றாலோ நல்ல பந்தையும் விட்டுவிட்டு அவுட் ஆகிறான். சீசன் தொடங்க ஐந்து வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கோச் சொல்வது சரிதான். ஆனால் "பொறு" என்றால் அந்த வயதுப் பையன் "அடிக்காதே" என்றுதான் எடுத்துக்கொள்வான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பாக்கள் இதை இன்னும் குழப்பிவிடுவதுண்டு. டெஸ்ட் மேட்சில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை நாள் முழுக்க விடலாம், கேட்பாரில்லை. இங்கே ஸ்ட்ரைக் ஸோனுக்குள், அதாவது பேட்டர் முன்னால் தரையில் பதித்த பிளேட்டுக்கு மேலே ஏறக்குறைய முழங்காலிலிருந்து மார்பு வரையுள்ள இடத்துக்குள், வந்ததை விட்டால் அதுவும் ஒரு ஸ்ட்ரைக். மூன்றானால் ஸ்ட்ரைக் அவுட், பெஞ்சுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அவனுக்குத் தேவை, எந்தப் பந்துக்காகக் காத்திருக்கிறோம் என்ற தெளிவு. அது பந்து வருவதற்கு முன்பே மனதில் இருக்க வேண்டும். 80 மைல் வேகத்தில் வீசிய பந்து சுமார் அரை நொடியில் பிளேட்டுக்கு வந்துவிடும். பேட்டைச் சுழற்றவே அதில் கணிசமான பங்கு போய்விடுகிறது. பந்தைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று நின்றால் தாமதம்தான். ஒவ்வொரு பந்துக்கும் அடிக்கப் போவதாகவே உடம்பு கிளம்ப வேண்டும். தான் எதிர்பார்த்த பந்து இல்லை என்றால் மட்டும் கையை நிறுத்த வேண்டும். நின்று பார்த்தே அவுட் ஆகும் பையன்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பழைய பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ் ஸ்ட்ரைக் ஸோனைப் பந்தளவுள்ள 77 இடங்களாகப் பிரித்து, எந்த இடத்தில் தனக்கு எவ்வளவு சராசரி (அட்-பேட்டுக்கு எத்தனை ஹிட் என்ற விகிதம்) கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். 1941-இல் .406 அடித்த மனிதருக்கே வெளிப்புறக் கீழ் மூலை .230 தான்! உங்கள் பையனுக்கு 77 வேண்டாம். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதில் அவன் பலமாக அடிக்கும் பாதியைக் கண்டுபிடியுங்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழும்வரை அந்தப் பாதி மட்டும்தான் அவனுடையது. மற்றப் பாதியில் நல்ல ஸ்ட்ரைக் வந்தாலும் போகட்டும். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் கதை வேறு: பேட்டின் பிடியில் கையைச் சற்று மேலே ஏற்றிப் பிடித்து, ஸோன் முழுவதையும் காக்க வேண்டும்.

பயிற்சிக்கு வருவோம். முதல் இரண்டு வாரம், அணியின் பிட்சர்கள் புல்பென்னில் (அவர்கள் வீசிப் பழகும் இடம்) வீசும்போது கோச்சிடம் கேட்டுவிட்டு ஹெல்மெட்டோடு பேட்டிங் இடத்தில் நிற்கட்டும். பேட்டைச் சுழற்றக் கூடாது. கேட்சரின் கையில் பந்து விழுவதற்குள் "ஸ்ட்ரைக்" அல்லது "பால்" (ஸோனுக்கு வெளியே போனது) என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சரியா என்று கேட்சர் சொல்வார். சலிப்பான வேலை, ஆனால் கண் பழகுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அப்புறம் பேட்டிங் பயிற்சியில் "இப்போது 2-0", "இப்போது 0-2" என்று கவுண்ட் (முதலில் பால், அடுத்து ஸ்ட்ரைக்) சொல்லி வீசச் சொல்லுங்கள். வலைக் கூண்டான கேஜில் ஒரே இடத்துக்கு வரும் மெஷின் பந்துகளை நூறு முறை அடிப்பதால் இந்தப் பிரச்சினை தீராது. அங்கே தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லையே.

முன்சீசன் ஆட்டங்களில் ஹிட் கணக்கைப் பார்க்காதீர்கள். ஸோனுக்கு வெளியே போன எத்தனை பந்துக்குப் பாய்ந்தான், தன் பாதியில் வந்த எத்தனையை விட்டான் என்ற இரண்டை மட்டும் குறித்து வையுங்கள். இரண்டும் சேர்ந்து குறைய வேண்டும். முதலாவது மட்டும் குறைந்தால் பையன் பயந்து நிற்கிறான் என்று அர்த்தம்.

ஸ்ட்ரைக் அவுட் சட்டென்று நின்றுவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். 2016-இல் யாங்கீஸ் அணிக்கு வந்த ஆரன் ஜட்ஜ், 84 அட்-பேட்டில் 42 முறை ஸ்ட்ரைக் அவுட், சராசரி .179. அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன், 127 வாக் (நான்கு பாலை விட்டுக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்). அதே ஆண்டில் ஸ்ட்ரைக் அவுட் 208!

இன்னொன்று, கண் பரிசோதனை செய்து நாளாகியிருந்தால் இந்த வாரமே அழைத்துப் போங்கள். லேசான கிட்டப்பார்வை இருந்தாலே பந்தின் சுழற்சி தாமதமாகத்தான் தெரியும். அதற்கு எந்தப் பயிற்சியும் உதவாது.