வீட்டுச் சாப்பாட்டை ஆப் மூலம் விற்கும் ஸ்டார்ட்அப்கள் ஏன் நீடிப்பதில்லை?

இரண்டு நண்பர்களோடு சேர்ந்து இப்படி ஒரு ஆப்பை ஒன்றரை வருடம் நடத்தி மூடியவன் நான். ஆர்டர் வராமல் மூடவில்லை. ஆர்டர் வந்ததுதான் சிக்கலே.

வீட்டு அடுப்பில் பதினைந்து பேருக்கு நிதானமாகச் சமைக்கலாம். இருபதைத் தாண்டினால் நேரம் தவறும், ருசியும் மாறும். எங்களுக்காகச் சமைத்த ஒரு அக்காவுக்கு முதல் வாரம் தினமும் எட்டு ஆர்டர் வந்தது; ஐந்தாவது வாரம் முப்பத்தைந்து. நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தோம், அவர் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். நேரில் போய்க் கேட்டதற்கு, "தம்பி, வீட்ல சமைச்சுத் தரேன்னுதானே சொன்னேன், ஹோட்டல் நடத்துறேன்னா சொன்னேன்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் முதலீட்டாளர் கேட்டதோ மாதாமாதம் இரட்டிப்பு.

அடுத்தது டெலிவரி. ஒரு உணவகத்தில் வண்டியை நிறுத்தினால் நாலைந்து பொட்டலத்தை ஒன்றாக எடுத்துவிடலாம். வீடுகள் அப்படியில்லை, ஒன்று ஊரின் இந்த மூலை, இன்னொன்று அந்த மூலை. எல்லாருக்கும் பசிப்பதும் ஒரே நேரத்தில்தான். மதியம் இரண்டு மணி நேரத்துக்கு இருபது பேர் வேண்டும், மூன்று மணிக்கு மேல் இரண்டு பேருக்குக்கூட வேலை இருக்காது. சாப்பாடு மலிவு என்பதற்காக அதைக் கொண்டுபோகும் செலவு குறைந்துவிடாது. சொந்தச் சமையல்கூடம் வைத்துச் சமைத்து அனுப்பிய அமெரிக்க நிறுவனங்களே தாக்குப்பிடிக்கவில்லை: ஸ்பிரிக் 2017-லும் மன்ச்சரி 2019-லும் மூடின.

அப்புறம், யாரும் வெளியே சொல்லாத ஒன்று: வாடிக்கையாளரும் சமைப்பவரும் போன் நம்பரை மாற்றிக்கொள்வார்கள். சாப்பாட்டுப் பையிலேயே சீட்டு போகும். மூன்றாவது வாரத்திலிருந்து ஆர்டர் நேரடி, எங்களுக்குக் கமிஷன் இல்லை. அதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிமுகம் செய்துவைத்த பிறகு நாங்கள் பெரிதாக என்ன செய்துவிட்டோம்?

சட்டம் தனிக் கதை. வீட்டுச் சமையலறையை உணவகத்துக்கான விதிகளால் அளந்தால் அநேகமாக எதுவும் தேறாது. கலிஃபோர்னியாவில் ஜோசஃபின் என்ற நிறுவனம் இதே வேலையைச் செய்தது. 2016-ல் அவர்களுக்காகச் சமைத்தவர்களுக்குச் சுகாதார அதிகாரிகளிடமிருந்து தடை நோட்டீஸ் வந்தது. சட்டத்தையே மாற்றப் போராடினார்கள். 2018 செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்திலேயே நிறுவனத்துக்கு மூடுவிழா. அந்தச் சட்டத்தில் முதலில் வைத்த வரம்பைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 60 (வார வரம்பைப் பின்னால் உயர்த்தினார்கள்). சமைத்த அன்றே கொடுத்துவிட வேண்டும். வீட்டு அடுப்பின் அளவைச் சட்டம் எழுதியவர்கள் எங்களைவிடச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கட்டுப்பாடே தேவையில்லை என்றும் சொல்ல மாட்டேன். சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பன்னிரண்டு மணிக்கு இறக்கிய பாத்திரம், பொட்டலம் கட்டி, ஆளுக்குக் காத்திருந்து, வழி தேடிப் போய்ச் சேரும்போது இரண்டரை ஆன நாட்கள் எங்களுக்கு உண்டு. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

மறுபடி தொடங்கினால் டெலிவரியே வைக்க மாட்டேன். முந்தின நாள் இரவே ஆர்டர், நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், அவர்களே வந்து எடுத்துக்கொள்வது. சமைப்பவருக்கு எண்ணிக்கை முன்பே தெரியும், எதுவும் வீணாகாது. இதற்கு முதலீட்டாளர் யாரும் பணம் போட மாட்டார், சரி, ஆப்பும் தேவைப்படாது. அந்த அக்கா இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் இதைத்தான் செய்கிறார். பன்னிரண்டு பேர். டப்பாவை நாங்களே கொண்டுபோக வேண்டும்.